ஒரு பைசா சொல்லும் முதலீட்டுப் பாடம்

வில்லியனூரில் விழுப்புரம் பேருந்து ஏறினால் அரியூர் வரை புதுச்சேரி. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திருபுவனை வந்தால் மறுபடியும் புதுச்சேரி. பாகூர்ப் பக்கமும் இதே கதைதான். கன்னியக்கோவில் தாண்டி முள்ளோடை முடிந்தால் கடலூர் மாவட்டம். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போட்டுவிட்டுப் போன கோடு இது. வயலுக்கும் வாய்க்காலுக்கும் இந்தக் கோடு தெரியாது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற நம் சனங்களுக்கும் தெரியாது. ஆனால், தொழில் தொடங்கப் பணம் தேடி அலைகிற நம் பிள்ளைகளுக்கு இந்தக் கோடு நன்றாகவே தெரியும். அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். முதலில் ஒரு தம்பி கேட்ட கேள்வி.

நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் ஒரு காலனியில், கல்லூரியில் வணிகவியல் படிக்கும் மாணவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கல்லூரியில் தொழில்முனைவோர் பயிற்சி நடந்ததாம். ஸ்டார்ட்அப் தொடங்குவது எப்படி, பணம் திரட்டுவது எப்படி என்று வெளியூரிலிருந்து வந்தவர் வகுப்பு எடுத்தாராம். நோட்டில் படிப்படியாக எழுதியிருந்தார். முதல் படி: குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் பணம் திரட்ட வேண்டும். இரண்டாவது படி: பணக்காரத் தனிநபர் முதலீட்டாளர்களைப் பார்க்க வேண்டும். மூன்றாவது படி: பெரிய முதலீட்டு நிறுவனங்கள்.

"அண்ணா, ரெண்டாவது மூணாவது படியெல்லாம் அப்புறம். முதல் படியிலேயே நிக்கிறேன். அப்பா சென்ட்ரிங் வேலை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் இதே தெரு. நான் யார்கிட்ட கேக்குறது?" என்றார்.

அன்றைக்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடியதுதான் இந்தக் கட்டுரை.

முதல் படியில் ஒளிந்திருப்பது

'குடும்பமும் நண்பர்களும்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த நாட்டில் குடும்பம் என்றால் என்ன? நிலம், மனை, நகை, கடை. மாமன் வைத்திருக்கும் அரிசி ஆலை. சித்தப்பாவுக்குத் தெரிந்த வங்கி மேலாளர். தாத்தா காலத்திலிருந்து கடனுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பயிற்சியாளர் 'குடும்பம்' என்றார். தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்கவும் கடை வைக்கவும் விடப்படாத ஒரு சமூகத்துக்கு அந்த முதல் படியே கிடையாது. ஏணியை நீட்டுகிறார்கள், ஆனால் அடிக்கட்டையை உருவிவிட்டு நீட்டுகிறார்கள்.

2005ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்கு சொன்னார்கள். நாட்டின் மக்கள் தொகையில் அட்டவணை இனத்தவர் 16 விழுக்காட்டுக்கும் மேல். ஆனால் தொழில் நிறுவனங்களில் அவர்கள் உரிமையாளராக இருப்பவை 10 விழுக்காட்டுக்கும் கீழே. புதுச்சேரியில் 2011 கணக்கெடுப்பின்படி நம் மக்கள் ஏறத்தாழ 16 விழுக்காடு. வில்லியனூர், பாகூர் கடைத்தெருக்களில் ஒருமுறை நடந்து, எத்தனை கடைப் பலகைகளுக்குப் பின்னால் நம் ஆட்கள் முதலாளியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். அதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

திறமை இருந்தால் சாதி குறுக்கே வராது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் அவர் நாடு திரும்பினார். பரோடா சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது, தங்க வீடு கிடைக்கவில்லை. பம்பாய்க்குத் திரும்பியவர், பங்குகளில் பணம் போடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். இன்றைய பேச்சில் சொன்னால் அதுவும் ஒரு ஸ்டார்ட்அப்தான். ஆலோசனை சொல்பவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். அதைவிடத் தகுதி என்ன வேண்டும்? ஆனால் அவர் தீண்டப்படாத சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தொழில் மூடப்பட்டது. அவரிடம் அறிவில் குறைவில்லை, உழைப்பில் குறைவில்லை. சந்தையே சாதி பார்த்தது.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு முதலீடு கிடைக்காமல் போனால் அது உங்கள் தகுதிக்குக் கிடைத்த மதிப்பெண் ஆகாது. அதே நேரத்தில், சாதி இருக்கிறது என்பதற்காக நம் முன்னோர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. அவர்கள் பணம் திரட்டினார்கள். எப்படித் திரட்டினார்கள் என்பதுதான் நமக்கான பாடம்.

ஒரு பைசா

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் நான்கு பக்க வார இதழ் ஒன்றை வெளியிட்டார். அதன் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலை ஒரு பைசா. பெயரிலேயே விலையைச் சொன்ன இதழ் அது. அடுத்த ஆண்டு வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி 'தமிழன்' என்று பெயர் மாறியது. சித்த மருத்துவரான பண்டிதர் 1914 மே 5இல் மறையும் வரை அதை நடத்தினார்.

யார் வாங்கினார்கள்? கோலார் தங்கவயலில் பாதாளத்துக்குள் இறங்கிப் பாறை உடைத்த நம் தொழிலாளிகள் வாங்கினார்கள். பெங்களூரிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிழைக்கப்போன தமிழர்கள் வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிற காலம் அது. ஜமீன்தார் எவரையும் நம்பி அந்த இதழ் நிற்கவில்லை. வாசகர் தந்த சில்லறைக் காசும் ஆதரவாளர் தந்த நன்கொடையும்தான் அதைத் தூக்கி நிறுத்தின. அதனால்தான் எந்தப் பெரிய மனிதருக்கும் பயப்படாமல் அதில் எழுத முடிந்தது.

அதற்கும் முன்னால், 1893 அக்டோபரில், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாக நினைத்துச் சொன்ன பெயரையே இதழின் நெற்றியில் எழுதினார். மாத இதழாகத் தொடங்கியது மூன்றே மாதத்தில் வார இதழானது. பிறகு சொந்த அச்சகமும் வந்தது. சிறிதாகத் தொடங்கி, வாங்குகிறவர்களின் ஆதரவு பெருகப் பெருகத் தொழிலை விரித்திருக்கிறார். எந்த மேலாண்மைக் கல்லூரியும் இதைவிட நல்ல வழியைச் சொல்லித்தரப் போவதில்லை.

அம்பேத்கரின் 'மூக்நாயக்' இதழின் கதை சற்று வேறு. 1920 ஜனவரி 31இல் அது வெளிவந்தது. கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் தந்து உதவினார். அந்த இதழைப் பற்றிக் காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் 'கேசரி' பத்திரிகை மறுத்துவிட்டது. சாகு மகராஜின் உதவியை நாம் நன்றியோடுதான் நினைக்கிறோம். ஆனால் இதையும் கவனிக்க வேண்டும்: அதே ஆண்டு அம்பேத்கர் படிப்பை முடிக்க லண்டன் போனார். 1922இல் சாகு மகராஜ் மறைந்தார். 1923இல் இதழ் நின்றது. தொடங்கியவரையும் கொடுத்தவரையும் மட்டும் நம்பியிருக்கும் முயற்சி, அவர்கள் இல்லாதபோது தள்ளாடும்.

இது எங்களுக்கு நேரிலும் தெரியும். இருபது ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து சிற்றிதழ் ஒன்று நடத்தினோம். வசதியான நண்பர் ஒருவர் அச்சுச் செலவை ஏற்றுக்கொண்டார். சந்தா சேர்க்க வேண்டும் என்று பேசுவோம், சேர்க்க மாட்டோம். பணம்தான் வருகிறதே என்ற நினைப்பு. ஏழாவது இதழோடு அவருக்குக் குடும்பக் கஷ்டம் வந்தது. எட்டாவது இதழ் வரவில்லை. குற்றம் அவருடையது இல்லை, எங்களுடையது. ஏழு இதழ்கள் கொண்டுவந்த காலத்தில் எழுபது பேரிடமாவது சந்தா வாங்கியிருந்தால் அது இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்திருக்கும்.

மொய் நோட்டு தெரிந்த தெரு

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். எங்கள் தெருவில் யாரிடம் கேட்பது என்றார். நம் தெருவில் பணமே புழங்கவில்லையா? காதுகுத்து, மஞ்சள் நீர், கல்யாணம் வந்தால் மொய் நோட்டு திறக்கிறது. யார் எவ்வளவு செய்தார் என்று பெயர் போட்டு எழுதுகிறோம். இருபது ஆண்டு கழித்தும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போட்டு வசூலிக்கிறோம். மகளிர் குழுவில் வாரம் தவறாமல் சேமிக்கிறார்கள். மாதச் சீட்டு நடக்கிறது. கணக்கு எழுதவும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் நம் தாய்மார்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

நம்மிடம் இல்லாதது பெரிய தொகை. இருப்பது ஒழுங்கு. பெரிய தொகை வேண்டுமென்றால் முதலில் இந்த ஒழுங்கைத் தொழிலுக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்தத் தம்பியின் யோசனை நல்ல யோசனை. சென்ட்ரிங், பெயின்ட், டைல்ஸ், மின்சாரம், குழாய் வேலை தெரிந்தவர்கள் அந்தக் காலனியில் நிறையப் பேர். வேலை மட்டும் மேஸ்திரி வழியாகத்தான் வருகிறது. நாள் கூலியில் ஒரு பங்கு அவருக்குப் போகிறது. வீட்டுக்காரர்கள் நேரடியாக வேலையாட்களைக் கூப்பிட ஒரு செல்போன் செயலி செய்தால் என்ன என்பது தம்பியின் திட்டம். செயலி செய்துதர மூன்று லட்சம் கேட்கிறார்களாம். அந்த மூன்று லட்சத்துக்குத்தான் அலைந்துகொண்டிருந்தார்.

நாங்கள் சொன்னது இதுதான். செயலி பிறகு வரட்டும். இப்போதைக்கு ஒரு நோட்டும் ஒரு போனும் போதும். வேலை தெரிந்தவர்கள் பெயரை எழுது. புதுச்சேரியிலும் வில்லியனூரிலும் கட்டட வேலை நடக்கிற இடங்களில் உன் எண்ணைக் கொடு. வருகிற அழைப்பைப் பிரித்துக் கொடு. வேலை கிடைத்தவர்களிடம் வாரத்துக்கு இருபது ரூபாய் சந்தா வாங்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரையும் உட்காரவைத்து வரவு செலவைப் படி. ஆறு மாதம் இது நடந்தால், அந்த நோட்டுதான் உன் முதலீட்டாளரிடம் காட்டும் திட்ட அறிக்கை. நடக்காவிட்டால் மூன்று லட்சம் கடன் மிச்சம்.

உரிமைப் பணத்தை விடக் கூடாது

சொந்தக் காசில் தொடங்கு என்று சொல்வதால், அரசுப் பணத்தை விட்டுவிடு என்று பொருள் ஆகாது. அது சலுகைப் பணம் இல்லை, நம் பணம். ஆனால் அதன் உள்விவரம் தெரியாமல் போனால் வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் தொழில் தொடங்கும் அட்டவணை இனத்தவர் திட்ட மதிப்பில் 5 விழுக்காடு கையிலிருந்து போட்டால் போதும். மானியம் 35 விழுக்காடு. அதாவது 10 லட்ச ரூபாய்த் திட்டத்துக்கு நம் கைக்காசு 50,000, மானியம் மூன்றரை லட்சம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மானியம் கையில் வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பாக நிற்கும். தொழில் நடக்கிறது என்று உறுதியான பிறகுதான் கடனில் கழியும். "மானியம் வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு" என்று வருகிற தரகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அப்படியே நழுவிவிடுவார்.

அடுத்து ஸ்டாண்ட்-அப் இந்தியா. 2016 ஏப்ரல் 5இல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் அட்டவணை இனத்தவர் அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது, பெண் ஒருவருக்காவது, புதிய தொழில் தொடங்க 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்பது அதன் நோக்கமாக இருந்தது. அந்த அனுபவத்தை வைத்து, முதன்முறையாகத் தொழில் தொடங்கும் பெண்கள், அட்டவணை இனத்தவர், பழங்குடியினர் 5 லட்சம் பேருக்கு 2 கோடி வரை கடன் தரும் புதிய திட்டம் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. புதுச்சேரியில் ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான பாட்கோ, தேசியக் கழகத்தின் கடனை நம்மிடம் கொண்டுவரும் அமைப்பாக இருக்கிறது.

கடன் வேறு, பங்கு முதலீடு வேறு. இதை மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடன் வாங்கினால் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதத் தவணை வந்து நிற்கும். பங்கு முதலீட்டில் பணம் போடுபவர் நிறுவனத்தில் ஒரு பகுதிக்குச் சொந்தக்காரர் ஆகிறார். நட்டத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. 2020 செப்டம்பரில் தொடங்கிய அம்பேத்கர் சமூகப் புத்தாக்கத் திட்டம் இந்த வகை. தொழில் வளர்ப்பு மையங்களில் இருக்கும் அட்டவணை இன இளைஞர்களின் புது யோசனைக்கு மூன்று ஆண்டுகளில் 30 லட்சம் வரை பங்கு முதலீடாகத் தருவது அதன் திட்டம்.

வங்கியில் விண்ணப்பம் கொடுக்கும் முன் இரண்டு விதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குறிப்பிட்ட வரம்பு வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. அட்டவணை இனத்தவரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை மட்டத்தில் நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல்மட்டத்தில்தான் நிராகரிக்க வேண்டும், அதற்கான காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இரண்டும் ரிசர்வ் வங்கி சொன்னவை. எங்களுக்குத் தெரிந்த ஒரு தங்கையைப் பெயர் சொல்ல வேண்டாத ஒரு வங்கிக் கிளையில் நான்கு முறை "அடுத்த வாரம் வாம்மா" என்று அனுப்பினார்கள். ஐந்தாவது முறை, "நிராகரித்தால் காரணத்தை எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டார். அன்றைக்கே விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். கடன் வர மேலும் மாதங்கள் ஆயின. ஆனால் ரசீது இல்லாமல் அதுவும் வந்திருக்காது.

பணத்தைப் போலவே வாடிக்கையாளரும் முதலீடுதான். 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணைப்படி, மத்திய அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கள் வாங்குவதில் 4 விழுக்காட்டை அட்டவணை இனத்தவரும் பழங்குடியினரும் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். இதற்கு உத்யம் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, நாமே செய்துகொள்ளலாம்.

கையெழுத்து நம்முடையது, சாவி யாருடையது?

இங்கே கசப்பான ஒன்றையும் பேசியாக வேண்டும். நம் ஆட்களின் சாதிச் சான்றிதழைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். "தம்பி, உன் பெயரில் ஏஜென்சி எடுப்போம், பணம் எல்லாம் நான் போடுகிறேன். மாதம் பத்தாயிரம் உனக்கு வந்துவிடும்" என்பார்கள். பத்தாயிரம் வரும். கல்லாச் சாவி அவரிடம், கணக்குப் புத்தகம் அவரிடம், காசோலையில் கையெழுத்து மட்டும் நம்முடையது. கடன் வாராமல் போனால் நோட்டீஸ் நம் வீட்டுக்கு. ஒரு தலைமுறைக்காக ஒதுக்கிய இடத்தை ஒருவரின் மாதச் சம்பளத்துக்கு விற்றுவிட்டோம் என்று அப்போதுதான் புரியும்.

இந்தத் திட்டங்களில் கூட்டு நிறுவனமாக இருந்தால் 51 விழுக்காட்டுப் பங்கு நம்மிடம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். காகிதத்தில் இருக்கும் 51 போதாது. வாங்குவது யார், விற்பது யார், ஆளை வேலைக்கு வைப்பது யார் என்று முடிவு செய்யும் அதிகாரமும் நம்மிடம் இருக்க வேண்டும். பணம் போட வருகிறவர் எந்தச் சாதியாக இருந்தாலும் வரட்டும், வரவேற்போம். சாவியை மட்டும் கொடுக்கக் கூடாது.

தலைமை என்றால் என்ன

தலைமைப் பண்புக்கு நம் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பெயர் உண்டு. மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் பிறந்த கல்பனா சரோஜ். தலித் குடும்பம். பன்னிரண்டு வயதில் கல்யாணம். அந்தக் கொடுமையிலிருந்து மீண்டு, பம்பாயில் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. அரசுக் கடன் வாங்கிச் சிறுதொழில். பிறகு கடனில் மூழ்கியிருந்த கமானி ட்யூப்ஸ் நிறுவனத்தைத் தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் கையில் எடுத்தார். வங்கிகளிடம் உட்கார்ந்து பேசி அபராத வட்டியைத் தள்ளுபடி செய்ய வைத்தார். தொழிலாளர் சம்பளப் பாக்கியைத் தீர்த்தார். 2013இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவர் கதையைச் சொல்லும்போது எல்லோரும் கோடிகளைச் சொல்கிறார்கள். நாம் சம்பளப் பாக்கியைச் சொல்வோம். நம் அப்பாக்கள் கூலிக்காகக் காத்து நின்றவர்கள். சனிக்கிழமை மாலை கூலி கைக்கு வராத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். நாம் முதலாளியானால், நம்மிடம் வேலை செய்பவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வரக் கூடாது. அது முடியாவிட்டால் நாம் முதலாளியானதில் யாருக்கு என்ன லாபம்?

தலைமைக்கு இன்னொரு வேலையும் உண்டு, அடுத்த ஆளைத் தயார் செய்வது. இரட்டைமலை சீனிவாசன் 1900இல் கடல் கடந்து போனதும் 'பறையன்' நின்றது. அயோத்திதாசர் மறைந்த பிறகு மகன் பட்டாபிராமன் 'தமிழன்' இதழைச் சிறிது காலம் நடத்தினார். அதற்குப் பின் நின்றுபோனது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1926இல் ஜி. அப்பாதுரையார் கோலார் தங்கவயலிலிருந்து அதே 'தமிழன்' இதழை மீண்டும் கொண்டுவந்தார். எந்தச் சுரங்கத் தொழிலாளிகள் காசு கொடுத்து வாங்கினார்களோ, அவர்கள் ஊரிலேயே இதழ் மறுபடி பிறந்தது. காசு போட்டவர்கள் அதைத் தங்கள் சொத்தாக நினைத்தார்கள். சில்லறைக் காசின் பலம் இதுதான். அது பணத்தோடு சேர்த்து உரிமையாளர்களையும் கொண்டுவருகிறது.

அந்தக் கோடு

தொடக்கத்தில் சொன்ன கோட்டுக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 2022-23இல் அட்டவணை இனத்தவர், பழங்குடியினர் நடத்தும் ஸ்டார்ட்அப்களில் அரசே பங்கு முதலீடு செய்ய 30 கோடி ரூபாயில் தனி நிதியம் தொடங்கியது. 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் 35 விழுக்காடு முதலீட்டு மானியம், ஒன்றரைக் கோடி வரை. அதோடு 6 விழுக்காடு வட்டி மானியம். கண்டமங்கலத்தில் இருக்கும் நம் உறவுக்காரப் பிள்ளை அதற்கு விண்ணப்பிக்கலாம். அரியூரில் இருக்கும் பிள்ளை விண்ணப்பிக்க முடியாது. முள்ளோடைக்கு அந்தப் பக்கம் வாசல், இந்தப் பக்கம் சுவர்.

புதுச்சேரியில் நமக்கென்று சிறப்புக் கூறு நிதி ஆண்டுதோறும் ஒதுக்கப்படுகிறது. அதில் ஒரு பகுதியை நம் இளைஞர்களின் தொழில்களில் அரசே பங்கு முதலீடாகப் போடும் நிதியமாக ஒதுக்க வேண்டும் என்று நாம் கேட்போம். வில்லியனூரிலும் பாகூரிலும் கொம்யூன் அளவில் விண்ணப்பம் எழுதவும், திட்ட அறிக்கை தயாரிக்கவும் உதவும் மையம் வேண்டும் என்று கேட்போம். ஒதுக்கிய பணம் எதற்குச் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாணவர்கள் மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய். இதுவும் முதலீடுதான்.

அந்தத் தம்பி இப்போது நோட்டு போட்டுவிட்டார். இருபத்திரண்டு பேர் பெயர் எழுதியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை, காலனி அம்பேத்கர் படிப்பகத் திண்ணையில் முதல் மாதக் கணக்கைப் படித்தார்கள். நாங்களும் போயிருந்தோம். வரவு ஆயிரத்துச் சொச்சம். போன் ரீசார்ஜ், பெட்ரோல் போகக் கையில் நின்றது அறுநூற்று நாற்பது ரூபாய். பெரியவர் ஒருவர் எழுந்து, "பெட்ரோலுக்கு இவ்வளவா ஆச்சு?" என்று கேட்டார். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் எந்தெந்த இடத்துக்குப் போனார் என்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். பெரியவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்ததும் தம்பி எங்களிடம் வந்து, "சந்தேகப்பட்டுட்டாரே அண்ணா" என்றார்.

"இருபது ரூபாய் போட்டவர் கேள்வி கேட்கிறார் என்றால், இது தன்னுடையது என்று நினைக்கிறார். அடுத்த வாரமும் போடுவார், பார்" என்றோம்.